கழுவுங்க சாமி, அடைக்காதீங்க!

"வண்டி இழுக்கலையா? ஈஜிஆரை அடைச்சுடலாம்ணே. ஒரு தகடு, ரெண்டு போல்டு. நீங்க டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

ரிஷிவந்தியம் சுத்துவட்டாரத்துல டீசல் பிக்கப் வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பாங்க. கூட்ரோட்டுப் பட்டறையில இது இலவச ஆலோசனை. இதே வண்டியை பெரிய சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனா வசனம் கொஞ்சம் மாறும். "சார், வால்வு போயிடுச்சு. அசெம்பிளியையே மாத்தணும்." மாத்துற செலவைக் கேட்டதும் மனுஷன் தானா பட்டறைக்குத் திரும்பிடுவார். தகடு ஏறிடும்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல மூணாவதா ஒரு வழி இருக்கு. கழட்டி, கழுவி, திரும்ப மாட்டுறது. அரை நாள் வேலை. கை கருப்பாகும். அவ்வளவுதான். பட்டறைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், நேரம் போகும். சர்வீஸ் சென்டர்காரர் சொல்ல மாட்டார், பில் குறையும். வண்டிக்காரருக்கு யாரும் சொல்லித் தரலை. அதனால நான் சொல்றேன்: அடைக்கிறது ஏமாத்து வேலை, யோசிக்காம மாத்துறது தண்டச் செலவு. கழுவுறதுதான் வேலை.

கோவப்படாம கடைசி வரைக்கும் படிங்க. மெக்கானிக் அண்ணன்மார்கள் திட்டுறதா இருந்தா படிச்சிட்டுத் திட்டுங்க :-)

கரி எங்கேர்ந்து வருது?

பழைய கார்புரேட்டர் பெட்ரோல் வண்டியில காத்தும் பெட்ரோலும் கலந்தே உள்ள போகும். போற வழியை பெட்ரோலே கழுவிக்கிட்டுப் போயிடும். டீசல்ல அந்தக் கதை கிடையாது. டீசல் நேரா எஞ்சினுக்குள்ள பீய்ச்சப்படுது. காத்து போற குழாயில, அதாவது இன்டேக் மேனிஃபோல்டுல, காத்து மட்டும்தான் போகணும்.

ஆனா அங்க ரெண்டு பேர் கூடவே வர்றாங்க. ஒருத்தர் புகைக்கரி. எரிஞ்சு வெளிய போற புகையில ஒரு பங்கை ஈஜிஆர் வால்வு திருப்பி உள்ள விடுது, அதோட வர்ற கரி. இன்னொருத்தர் எண்ணெய் ஆவி. பிஸ்டன் வளையத்தைத் தாண்டி கீழ கசியுற வாயு எஞ்சின் ஆயிலோட ஆவியையும் இழுத்துக்கிட்டு இன்டேக்குக்கே வந்து சேருது.

காஞ்ச கரி மட்டும் வந்தா பெரும்பாலும் காத்தோட போயிடும். எண்ணெய் மட்டும் வந்தா லேசா ஈரம் படியும். ரெண்டும் சேர்ந்தா? பரோட்டா கடையில எக்ஸாஸ்ட் ஃபேன் பாத்திருக்கீங்களா? அதே பிசுக்குதான். நாள் ஆக ஆக தார் மாதிரி கெட்டியாகி, மூணு விரல் போற வழி ஒரு விரல் போற வழியாயிடும்.

நம்ம பக்கம் இது சீக்கிரமா நடக்குது. காரணம் நம்ம வண்டிகள் ஓடுற விதம். பால் கேன் எடுக்க பத்து இடத்துல நிக்குது. மரவள்ளி மூட்டை ஏத்துற வரைக்கும் எஞ்சினை அணைக்காம விட்டுடுறாங்க. ஷாமியானாவையும் நாற்காலியையும் ஏத்திக்கிட்டு நாலு கிலோமீட்டர் போய் நிக்குது. எஞ்சின் நல்லா சூடேறுறதே இல்ல. ஈஜிஆர் வால்வு அதிகமா திறக்குறது இப்படி லேசான சுமையில, மெதுவா ஓடும்போதுதான். நெடுஞ்சாலையில உளுந்தூர்பேட்டைக்கும் சேலத்துக்கும் நிக்காம ஓடுற வண்டியை விட, ஊருக்குள்ள சுத்துற வண்டிக்குக் கரி அதிகம்.

அப்ப அதை ஏன் வச்சான்?

"நல்லா ஓடுற எஞ்சினுக்கு அழுக்குப் புகையை எதுக்குத் திருப்பி ஊட்டுறான்?" இது நியாயமான கேள்வி. பதிலும் நேரானதுதான்.

நாம மூச்சு விடுற காத்துல 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். சாதாரணமா இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கண்டுக்கிறதில்ல. ஆனா எரியுற இடத்துல சூடு ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டினா வேகமா ஒட்டிக்குவாங்க. அப்ப உண்டாகுறதுதான் நைட்ரஜன் ஆக்சைடுகள், சுருக்கமா நாக்ஸ். இந்தச் சூட்டைக் குறைக்கத்தான், ஏற்கனவே எரிஞ்சு ஆக்சிஜன் குறைஞ்ச புகையை ஆற வச்சுத் திருப்பி விடுறாங்க. ஈஜிஆரோட வேலை அவ்வளவுதான். கம்பெனிக்காரன் ஸ்பேர் விக்கிறதுக்காக வச்ச சதி இல்ல.

பி.எஸ். 4 நாடு முழுக்க 2017 ஏப்ரல் 1-ல வந்துச்சு. பி.எஸ். 6, 2020 ஏப்ரல் 1-ல. இந்த விதிகளோட நாக்ஸ் அளவுக்குள்ள டீசல் வண்டி வரணும்னா, சின்ன வண்டிகளுக்கு ஈஜிஆர்தான் முதல் வழி.

நாக்ஸ் என்ன பண்ணும்? நுரையீரலை எரிக்கும். ஆஸ்துமா இருக்கிறவங்களை வாட்டும். வெயில்ல மத்த ஆவிகளோட சேர்ந்து தரைமட்ட ஓசோனா மாறும். அந்த ஓசோன் மனுஷனை மட்டும் இல்ல, பயிரோட இலையையும் பாதிக்கும், விளைச்சலைக் குறைக்கும். கள்ளக்குறிச்சி மாவட்டத்துல வெயிலுக்கும் பஞ்சமில்ல, வயலுக்கும் பஞ்சமில்ல. விளைச்சலை ஏத்திக்கிட்டுப் போற வண்டியே விளைச்சலைக் கெடுக்கிறதுல பங்கு எடுத்துக்குது.

முக்கியமான விஷயம், கண்ணுக்குத் தெரியாது. கரும்புகை வந்தா பின்னால வர்ற பைக்காரர் நாலு வார்த்தை திட்டுவார். நாக்ஸ் அதிகமானா யாரும் திட்ட மாட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல ஸ்கூல் பிள்ளைங்க நிக்கும். பக்கத்துல வண்டி உறுமிக்கிட்டு நிக்கும். புகையே இல்ல, வண்டி சுத்தமா இருக்குன்னு எல்லாரும் நினைப்பாங்க.

"அடைச்சா இழுக்குதே!"

இதுதான் எல்லாரும் சொல்ற பெரிய வாதம். "நீ புஸ்தகத்துல படிச்சதைச் சொல்ற தம்பி. தகடு வச்சதுக்கப்புறம் கச்சிராயபாளையத்துலேர்ந்து வெள்ளிமலை ஏத்தத்துல வண்டி எப்படி ஏறுதுன்னு வந்து பாரு."

ஏறும். நான் இல்லைன்னு சொல்லலை. ஏன் ஏறுதுன்னு யோசிச்சீங்களா?

ஒழுங்கா வேலை செய்யுற ஈஜிஆர் வால்வு, ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கும்போது தானாவே மூடிக்கும். முழு இழுவை வேணும்கிற நேரத்துல எஞ்சினுக்கு எல்லா ஆக்சிஜனும் தேவை. அதனால அப்ப புகையைத் திருப்பி விடுறதில்ல. கல்வராயன் மலை ஏத்தத்துல லோடோட ஏறும்போது, நல்ல வால்வு இருக்கிற வண்டிக்கும் தகடு வச்ச வண்டிக்கும் இழுவையில சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இருக்காது.

பின்ன ஏன் உங்க வண்டி இழுக்கலை? வால்வு மூடலை. கரி ஒட்டி, பாதி திறந்தபடியே சிக்கிக்கிச்சு. ஏத்தத்துல காத்து வேணும்னு எஞ்சின் திணறும்போது இது புகையை ஊட்டிக்கிட்டே இருக்கு. டீசல் எரியக் காத்து பத்தாம கரும்புகை கக்குது. தகடு வச்சதும் புகை நின்னு போச்சு, வண்டி இழுக்குது. கழுவியிருந்தாலும் அதே இழுவைதான் கிடைச்சிருக்கும். வாசக்கதவு துருப்பிடிச்சு மூடலைன்னா கீலுக்கு எண்ணெய் விடுவோமா, வாசலையே செங்கல் வச்சுக் கட்டிடுவோமா?

இன்னொண்ணு. தகடு வைக்கிற பட்டறையில பெரும்பாலும் மேனிஃபோல்டைத் தொடவே மாட்டாங்க. இத்தனை வருஷமா சேர்ந்த கரி உள்ள அப்படியே இருக்கும். காத்து போற வழி சின்னதா இருந்தது சின்னதாவேதான் இருக்கும். அதாவது பாதி வைத்தியம் கூட ஆகலை.

மூணாவது, புது வண்டிகள்ல கம்ப்யூட்டர் இருக்கு. எவ்வளவு காத்து வருது, வால்வு எவ்வளவு திறந்திருக்குன்னு சென்சார் வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கும். கணக்கு உதைச்சா மஞ்சள் விளக்கு எரியும். சில வண்டிகள்ல இழுவையையே குறைச்சிடும். அப்புறம் அந்த விளக்கை அணைக்க இன்னொருத்தர் லேப்டாப்போட வருவார். அவருக்குத் தனி சம்பளம். அந்த விளக்கு ஒரேயொரு கோளாறுக்காக எரியுறதில்லை. நாளைக்கு வேற ஒண்ணு கெட்டாலும் அதேதான் சொல்லணும். அதோட வாயையும் சேர்த்துக் கட்டியாச்சு.

எதிர்க்கட்சிக்கு ஒரு நியாயமும் கொடுத்துடுறேன். அடைச்சா புதுசா கரி வர்றது குறையும், உண்மை. ஈஜிஆர் இருக்கிற எஞ்சின்ல ஆயில் சீக்கிரம் கறுக்கும், அதுவும் உண்மை. அதுக்கான மருந்து, நாள் தவறாம ஆயிலும் ஏர் ஃபில்டரும் மாத்துறது, குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒரு தடவை கழட்டிப் பாக்குறது. அந்தச் சிரமம் வேணாம்னு பக்கத்துல நிக்கிறவன் மூச்சுல கை வைக்க நமக்கு உரிமை கிடையாது.

"டெஸ்ட்ல பாஸ் ஆகுதே!"

ஆமா, ஆகும். இங்கதான் பெரிய ஓட்டை.

டீசல் வண்டிக்குப் புகைச் சான்றிதழ் எடுக்கும்போது என்ன அளக்குறாங்க? ஆக்சிலரேட்டரை விருட்டுனு மிதிக்கச் சொல்லி, வர்ற புகை எவ்வளவு கருப்புன்னு பாக்குறாங்க. கருமையை மட்டும். நாக்ஸ் அதுல அளக்கப்படுறதே இல்ல. ஈஜிஆரை அடைச்சா கரி குறையும், நாக்ஸ் கூடும். ஆக, விஷத்தைக் கூட்டின வண்டி இன்னும் நல்லா பாஸ் ஆகும்! சான்றிதழை கண்ணாடியில ஒட்டிக்கிட்டு ஜம்முனு போகலாம்.

இந்த "டெஸ்ட்ல பாஸ் ஆனா போதும்" புத்தி நம்ம பட்டறைக்கு மட்டும் சொந்தமில்ல. 2013-ல ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா 1,14,000 டவேரா வண்டிகளைத் திரும்ப அழைச்சுது. மாசு சோதனையில தில்லுமுல்லு நடந்ததை கம்பெனியே ஒத்துக்கிச்சு. 2015 செப்டம்பர்ல ஃபோக்ஸ்வேகன் மாட்டிச்சு. சோதனை நடக்கும்போது மட்டும் ஒழுங்கா நடிச்சு, ரோட்டுக்கு வந்ததும் நாக்ஸைத் திறந்து விடுற மென்பொருள். உலகம் முழுக்க ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். சில வண்டிகள் அமெரிக்க வரம்பைப் போல 40 மடங்கு வரைக்கும் நாக்ஸ் விட்டது. அப்ப நாம எல்லாரும் என்ன சொன்னோம்? "பாத்தியா வெள்ளைக்காரன் பித்தலாட்டத்தை!"ன்னோம். அவன் மென்பொருளால செஞ்சதை நாம தகரத்தால செய்யுறோம். அவனுக்கு இன்ஜினியர் தேவைப்பட்டுது. நமக்கு ஒரு கத்திரிக்கோலும் பழைய டப்பா மூடியும் போதும்.

மாட்டினா யாருக்கு? மோட்டார் வாகனச் சட்டத்துல 2019-ல கொண்டு வந்த திருத்தத்துக்கு அப்புறம், காற்று மாசு விதியை மீறுற வண்டியை ஓட்டினா, ஓட்ட விட்டா, 190(2) பிரிவுல முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். அதோட மூணு மாசம் லைசென்ஸ் பறிபோகும். அனுமதி இல்லாம வண்டியை மாத்தி அமைச்ச உரிமையாளருக்கு 182ஏ பிரிவுல ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய், இல்ல ஆறு மாசம் வரைக்கும் சிறை. கவனிங்க. ஓட்டினவர், உரிமையாளர். தகடு வெட்டினவர் டீ குடிச்சிக்கிட்டு இருப்பார். மாசத் தவணை கட்டி ஓட்டுற ஒரு பிக்கப்காரருக்கு மூணு மாசம் லைசென்ஸ் இல்லைன்னா என்ன அர்த்தம்னு நான் சொல்லத் தேவையில்ல. வண்டியே போயிடும்.

"யாருய்யா பிடிக்கப் போறான்?"னு கேப்பீங்க. இன்னிக்கு யாரும் பிடிக்க மாட்டாங்கதான். ஆனா பிடிக்க மாட்டாங்கன்னா செய்யலாம்னு ஆரம்பிச்சா, அப்புறம் பால்ல தண்ணி கலக்குறவரைத் திட்டுற தகுதி நமக்கு இல்ல.

மெஷினும் பாட்டிலும்

இப்ப புதுசா ஒரு கூட்டம். "கழட்டவே வேணாம் சார், மெஷின் மாட்டி ஒரு மணி நேரத்துல கார்பன் கிளீனிங்." தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உண்டாக்கி இன்டேக்ல விடுறாங்க. அது எங்க எரியும்? சிலிண்டருக்குள்ள. இன்டேக் மேனிஃபோல்டுலதான் தீயே இல்லையே! அங்க தார் மாதிரி ஒட்டியிருக்கிற பிசுக்கை, போற போக்குல கடந்து போற வாயு எப்படிக் கரைக்கும்? முன்னாலயும் பின்னாலயும் மேனிஃபோல்டைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. காட்டினா காசு கொடுங்க.

பாட்டில்காரர்கள் இன்னும் மோசம். எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே இன்டேக்ல ஸ்பிரே அடிக்கச் சொல்றாங்க. டீசல் எஞ்சின்ல இது நிஜமாவே ஆபத்து. பெட்ரோல் எஞ்சினோட வேகத்தைக் கட்டுப்படுத்துறது காத்து. டீசல் எஞ்சினைக் கட்டுப்படுத்துறது எரிபொருள். காத்து போற வழியில எரியுற திரவத்தை ஊத்தினா, அதுவே எரிபொருளாயிடும். சாவியைத் திருப்பினாலும் நிக்காம எஞ்சின் வெறிபிடிச்சு ஓடலாம். அது நின்னதுக்கப்புறம் எஞ்சின்ல ஒண்ணும் மிஞ்சாது. டீசலுக்குன்னே தயாரிச்ச ஸ்பிரேன்னு போட்டிருந்தாலும், கட்டியா ஒட்டினதை அது கரைக்காது. கட்டி உடைஞ்சு உள்ள விழுந்தா வால்வுக்கும் டர்போவுக்கும் ஆபத்து.

சரி, எப்படிக் கழுவுறது?

முதல்ல உங்க வண்டியில ஈஜிஆர் எங்க இருக்குன்னு பாருங்க. பொலிரோ பிக்கப், தோஸ்த், ஏஸ், ஒவ்வொண்ணுலயும் இடம் வேற. ஒரே வண்டியிலயும் பி.எஸ். 3-க்கும் பி.எஸ். 4-க்கும் வேற. சைலன்சர் பக்கம் இருக்கிற மேனிஃபோல்டுலேர்ந்து இன்டேக் பக்கம் வர்ற இரும்புக் குழாயைத் தொடர்ந்து போனா வால்வுல போய் நிக்கும்.

1. எஞ்சின் நல்லா ஆறட்டும். பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டுங்க. வெளியில, காத்தோட்டமான இடத்துல வேலை செய்யுங்க. பீடி, சிகரெட் பத்து மீட்டர் தள்ளி. கையுறை கட்டாயம். டீசல் புகை மனுஷனுக்குப் புற்றுநோய் தரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல முதல் பட்டியல்லயே சேர்த்திருக்கு. அந்தப் புகையோட வண்டல்தான் உங்க கையில ஒட்டப் போறது.

2. கழட்டுறதுக்கு முன்னால செல்போன்ல படம் எடுங்க. ஒவ்வொரு போல்டையும் எடுத்த வரிசையில ஒரு அட்டையில குத்தி வைங்க. எது எந்த ஓட்டைன்னு அப்புறம் முழிக்க வேணாம்.

3. ஏர் குழாயையும் சென்சார் பிளக்கையும் எடுத்துட்டு வால்வைக் கழட்டுங்க. போல்டு வரலைன்னா முரட்டுத்தனம் வேணாம். துரு எண்ணெய் அடிச்சு அரை மணி நேரம் விடுங்க. அலுமினியத்துக்குள்ள போல்டு ஒடிஞ்சா அரை நாள் வேலை மூணு நாள் வேலையாயிடும்.

4. மேனிஃபோல்டைக் கழட்டினா, எஞ்சின் பக்கம் தெரியுற ஓட்டைகள்ல உடனே சுத்தமான துணியை அடைங்க. எத்தனை துணின்னு எண்ணி எழுதி வைங்க. மாட்டும்போது எண்ணி எடுங்க. இது சிரிக்கிற விஷயம் இல்ல.

5. கட்டிக் கரியை மரக்குச்சியால, பிளாஸ்டிக்கால சுரண்டுங்க. ஸ்க்ரூடிரைவர் போட்டா வால்வு உக்காருற முகம் கீறும், அப்புறம் மூடவே மூடாது. அடுத்து டீசல்ல ஊறப் போடுங்க, பழைய டூத் பிரஷ்ஷால தேயுங்க. ஊறட்டும், அவசரம் வேணாம். கடைசிப் பிசுக்குக்கு மட்டும் கார்புரேட்டர் கிளீனர்.

6. வால்வுல மோட்டார், மின்சாரப் பகுதி இருந்தா அதை ஊறப் போடக் கூடாது. கரி பட்ட பக்கத்தை மட்டும் கீழ் நோக்கிப் பிடிச்சுத் துடைங்க. மோட்டார் வால்வை விரலால பலமா தள்ளக் கூடாது, உள்ள பல்சக்கரம் இருக்கு.

7. காஸ்டிக் சோடா வேணவே வேணாம். இரும்புச் சாமான் கழுவிப் பழகின பட்டறையில இதைச் சொல்லுவாங்க. அலுமினியத்தை காஸ்டிக் சோடா தின்னுடும். மேனிஃபோல்டு பளபளன்னு வரும், கூடவே மெலிஞ்சும் வரும்.

8. நல்லா காய வைங்க. ஒரு மடக்கு திரவம் உள்ள தேங்கியிருந்து, ஸ்டார்ட் பண்ணும்போது சிலிண்டருக்குள்ள போனா, திரவம் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். கம்ப்ரசர் காத்து அடிச்சு, வெயில்ல வச்சு, துடைச்சுப் பாத்து மாட்டுங்க.

9. பேக்கிங் புதுசு போடுங்க. பழசுக்கே பேஸ்ட் தடவி மாட்டுற சிக்கனம் வேணாம். காத்து கசிஞ்சா பழையபடி இழுவை போகும், பட்டறைக்காரர் "நான்தான் சொன்னேனே"ம்பார். போல்டுகளை நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா, கொஞ்சம் கொஞ்சமா, சமமா முறுக்குங்க.

10. கழுவின டீசலை வாய்க்கால்ல, கிணத்து மேட்டுல ஊத்தாதீங்க. ஒரு கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் வாங்குறவங்ககிட்ட பழைய ஆயிலோட சேர்த்துக் கொடுங்க. காத்தைக் காப்பாத்த கிளம்பிட்டு தண்ணியைக் கெடுத்தா அது என்ன கணக்கு?

செலவைப் பாருங்க. பேக்கிங், ரெண்டு மூணு லிட்டர் டீசல், ஒரு ஸ்பிரே, பழைய பிரஷ், பழைய வேட்டி. போனது ஒரு ஞாயித்துக்கிழமைப் பகல்.

எங்க நிறுத்திக்கணும்?

எல்லாத்தையும் வீட்லயே பண்ணலாம்னு நான் சொல்ல வரலை. பி.எஸ். 6 வண்டியில கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் இருக்கு, சில வண்டிகள்ல யூரியாவும் இருக்கு. அது பக்கம் வீட்ல கை வைக்காதீங்க. மோட்டார் வச்ச வால்வைத் திரும்ப மாட்டினதும், அதோட நிலையை ஸ்கேனர் மூலமா கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டிய வண்டிகள் இருக்கு. உத்தரவாதக் காலம் முடியாத வண்டின்னா கழட்டாதீங்க, அவங்களைக் கழுவச் சொல்லி எழுதி வாங்குங்க. ஆர்ம்ஸ்ட்ராங் வேலையால போல்டு ஒடிக்கிற ஆளா இருந்தா, நல்ல மெக்கானிக்கைக் கூட வச்சுக்கங்க. கழுவின பிறகும் வால்வு ஒழுங்கா மூடலை, மோட்டார் எரிஞ்சிருக்குன்னா, அப்ப மாத்துங்க. அந்தச் செலவு நியாயமான செலவு. கழட்டிக் கூட பாக்காம மாத்தச் சொல்றதைத்தான் நான் தண்டம்ங்கிறேன்.

பட்டறை அண்ணன்மார்களை எதிரியாக்குறது என் நோக்கம் இல்ல. அவங்களுக்குக் கூலி குறைவு. "கழுவணும், அரை நாள் ஆகும், இவ்வளவு கூலி"ன்னு சொன்னா நாமளே "எதுக்குண்ணே, அடைச்சுடு"ங்கிறோம். அரை நாள் உழைப்புக்கு அரை நாள் கூலி தர மனசில்லாம, பத்து நிமிஷத் தகட்டைக் கேட்டு வாங்குறதே நாமதான். கூலியைக் கொடுங்க. கூட நின்னு பாருங்க. "மேனிஃபோல்டையும் கழட்டுங்கண்ணே"ன்னு சொல்லுங்க.

கம்பெனிக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை

இத்தனையையும் ஒரு காலேஜ் பையன் எழுத வேண்டிய அவசியம் என்ன? வண்டியோட கொடுக்கிற புஸ்தகத்துல "ஈஜிஆரை இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை இப்படிக் கழுவுங்க"ன்னு தமிழ்ல நாலு பக்கம், ரெண்டு படம் போட்டா போதுமே! அடைச்சா தப்புன்னு சட்டம் போடத் தெரிஞ்ச நாட்டுல, கழுவுறது எப்படின்னு சொல்லித் தர ஆளில்ல.

இது புதுச் சண்டையும் இல்ல. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. வெளிப் பட்டறைக்கு உதிரிபாகமும், பழுது கண்டுபிடிக்கிற கருவியும், தகவலும் கிடைக்காம தடுத்து வச்சாங்கங்கிறது குற்றச்சாட்டு. கம்பெனிகள் அபராதத்தை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனாங்க, அது தனிக் கதை. 2022 டிசம்பர்ல மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணைய வாசலைத் திறந்துச்சு. அதுல வாகனங்களும் ஒரு பிரிவு. நல்ல விஷயம்தான். ஆனா ரிஷிவந்தியத்துல வண்டி ஓட்டுறவர் கையில தமிழ்ல ஒரு தாள் வந்து சேர்ற வரைக்கும், அந்த உரிமை காகிதத்துலதான் இருக்கு.

அரசாங்கத்துக்கும் சேர்த்தே சொல்லிடுறேன். புகைச் சோதனையில கருமையை மட்டும் அளக்குற வரைக்கும், தகடு வெட்டுற கத்திரிக்கோலுக்கு நீங்கதான் சாணை பிடிச்சுக் கொடுக்கிறீங்க. நாக்ஸை அளக்க வழி பண்ணுங்க. அதுவரைக்கும் சோதனை போடுற இடத்துல பானட்டைத் திறந்து ஈஜிஆர் வாயில தகடு இருக்கான்னு ஒரு நிமிஷம் பாக்கச் சொல்லுங்க. அதுக்கு மெஷின் வேணாம், ஒரு டார்ச் லைட் போதும்.

மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிக்கிற என் வகுப்புத் தோழர்களுக்குக் கடைசியா ஒண்ணு. ஈஜிஆர் பத்தி பத்து மார்க் கேள்விக்குப் படம் போட்டு எழுதுறோம். அதே வாரம் மாமா வண்டிக்கு "அடைச்சுடுங்க மாமா, மைலேஜ் கிடைக்கும்"னு அறிவுரை சொல்றோம். படிச்சது பரீட்சைக்கு மட்டும்னா நாம எதுக்கு படிச்சோம்? அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது வீட்லயோ பக்கத்து வீட்லயோ இருக்கிற பிக்கப்புல ஒரு வால்வைக் கழட்டிக் கழுவிக் கொடுங்க. தகடு இருந்தா எடுத்து எறியுங்க. கை கருப்பாகுறதுக்குப் பயந்தா வேற டிபார்ட்மென்ட் பாத்திருக்கலாம்.

டிஸ்கி: இது எல்லா வண்டிக்கும் பொருந்துற சர்வீஸ் மேனுவல் இல்ல. உங்க வண்டியோட அமைப்பைத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்க. "அடைச்சும் என் வண்டி பத்து வருஷமா ஓடுது"ன்னு சொல்ல வர்றவங்களுக்கு: வண்டி ஓடுதான்னு நான் கேக்கவே இல்ல. பின்னால நிக்கிறவங்க எதை மூச்சா இழுக்குறாங்கன்னுதான் கேக்குறேன்.